ஒன்பது நாற்பதுக்கு மேல்பாதை

"ரெண்டு லிட்டர் தண்ணி பத்தாதுங்க. மூணா வெச்சிருக்கேன்," என்று மனைவி பையின் வாரை அவன் தோளுக்கு அளவு பார்த்தாள். தனியாகப் போகிறானே என்ற கவலை அவளுக்கு.

மலையடிவாரத்துச் சுற்றுப்பாதை அது, பதினோரு கிலோமீட்டர். இடப்பக்கம் ஏறினாலும் வலப்பக்கம் ஏறினாலும் சுற்றிக்கொண்டு அதே வாசலுக்குத்தான் வர வேண்டும். செங்குத்தும் இல்லை, சமதரையும் இல்லை. சர்க்கரை எட்டிப் பார்க்கிற வயதுக்கு அளவான நடை என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

மனைவி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். குறுகலான மலைச்சாலையில் மேலே போகும் பஸ்ஸையும் கீழே வரும் பஸ்ஸையும் பன்னிரண்டு வருடமாகக் கட்டி மேய்க்கிறவள். குடியிருப்பில் யார் எங்கே கிளம்பினாலும் அவளிடம் நேரம் கேட்காமல் செருப்பு மாட்ட மாட்டார்கள். 'கடிகாரக்கா' என்றால் பக்கத்துத் தெருவுக்கும் தெரியும்.

கட்டிய கணவனுக்குக் குறை வைப்பாளா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எங்கே எத்தனை மணிக்கு இருக்க வேண்டும், எங்கே உட்காரலாம் என்று ஒரு தாள் முழுக்க எழுதியிருந்தாள். இடப்பக்கமாக ஏறப் போவதாக அவன் சொன்னதை வைத்தே எல்லாம் போட்டிருப்பதாகவும், நேரத்தை மட்டும் தாண்ட வேண்டாம் என்றும் சொன்னாள்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது அவனுக்கு உள்ளே சுருக்கென்றது. கடுகு வெடிக்கிற நேரம்தான். பிறகு அடங்கிவிட்டது.

காரணம், மலையில் அவன் பார்க்கப் போனது மாடி வீட்டுப் பெண்ணை. நூலகத்தில் வேலை செய்கிறவள். அவன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வேறு ஊரில் கிளை திறக்கிறது. அங்கே பொறுப்பாளராகப் போகப் போகிறவன், ஒரேயடியாகத் தன்னோடு வந்துவிடும்படி அவளைக் கேட்டிருந்தான். மூன்று வாரம் மழுப்பிவிட்டுக் கடைசியில் வாய் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க இடது பக்கமா வாங்க, நான் வலது பக்கமா வர்றேன். எதிர்ல பாத்துக்கிட்டா நான் உங்ககூட வர்றேன்னு அர்த்தம். பாக்கலேன்னா, ரெண்டு பேர்ல யாருக்கோ மனசில்லைன்னு அர்த்தம். அப்புறம் இதைப் பத்திப் பேச்சே இருக்கக் கூடாது."

நல்ல யோசனைதான். ஜோடியாகப் போனான் என்று யாரும் சொல்ல முடியாது. வட்டத்தில் எதிரெதிராக நடக்கிற இருவர் சந்திக்காமல் போகவும் முடியாது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இடப்பக்கம் ஏறினான். அவள் முந்தைய பஸ்ஸில் வந்து அரைமணி முன்பே வலப்பக்கம் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் காலரை இழுத்து விட்டுக்கொண்டான். எதிரே கேமராக்காரர் ஒருவர் வந்தார். கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் வந்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய் வந்தது.

ஒரு பெரிய பாறைக்குன்றின் முன்னால் பாதை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாகப் பிரிந்தது. தாளைப் பார்த்தான். '9.40, மேல்பாதை. தேன்கூடு இருக்கிறது, நிற்க வேண்டாம்.' கைக்கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தெட்டு. இவள் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே மேலே ஏறினான். அரைமணியில் குன்றைத் தாண்டியதும் பாதை மறுபடி ஒன்றானது.

அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் வேகமாக நடந்தான். பிறகு வேகம் தானாகக் குறைந்தது. இந்த வளைவில் இல்லாவிட்டால் அடுத்த வளைவில் என்று மனதுக்கு வாய்தா வாங்கிக்கொண்டே போனான். ஒரு மணிக்கு அவன் எதிரே வந்து நின்றது காலையில் புறப்பட்ட அதே வாசல்.

திரும்பும் பஸ்ஸில் நெஞ்சு கொதித்தது. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். பதினோரு கிலோமீட்டர் நடக்க வைத்து, வெறும் பாதையைக் காட்டியா பதில் சொல்வாள்? சிரித்துச் சிரித்துப் பேசியதெல்லாம் பொழுதுபோக்கா? நம்பினவன் கழுத்தை இதைவிட நிதானமாக யாரும் அறுக்க முடியாது.

மலையில் செத்துக் கிடந்த போன் ஊருக்குள் நுழைந்ததும் உயிர் பெற்றது. முதல் வேலையாக அவள் எண்ணை அழித்தான். அடுத்து முதலாளியைக் கூப்பிட்டு, கிளைக்கு வேறு ஆளை அனுப்பிக்கொள்ளச் சொன்னான். குடும்ப நிலைமை என்று காரணம் சொன்னான். முதலாளியும் பிடிவாதம் பிடிக்கவில்லை, அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருவர் காத்திருக்கிறாராம்.

வீட்டில் மனைவி உப்புப் போட்ட வெந்நீர் வைத்திருந்தாள். அவன் காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடினான். மலை எப்படி என்று கேட்டதற்கு, பெரிதாக ஒன்றும் இல்லை என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டே அவள் ஊர்க்கதை சொன்னாள். மாடி வீட்டுப் பெண் காலி செய்யப் போகிறாளாம். அக்கா ஊருக்கே போய்விடுகிறாளாம். மத்தியானம் சொல்ல வந்தவள் முகமெல்லாம் வீங்கியிருந்ததாம்.

"நடந்த களைப்பு வேற, பாவம்."

அவன் கண்ணைத் திறந்தான். "எங்க நடந்தா?"

"மலையிலதான். போன வாரமே வந்து நேரம் கேட்டா. அதே ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு நேர் எதிர்ப் பக்கம்." துண்டை அவனிடம் நீட்டினாள்.

"ஒன்பது நாப்பதுக்கு அவளை நான்தான் கீழ்ப்பாதையில அனுப்பினேன்."