பத்து வெள்ளை ரோஜா

ராட்கா மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். பத்துதான். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“கடையில தப்பா எண்ணியிருப்பாங்க மேடம்” என்றான் ஹினெக், ஏணி மேலிருந்து. மெல்போர்னில் அவள் நடத்துகிற செக் கலை மன்றத்தில் ஆணி அடிப்பது முதல் அழைப்பிதழ் அனுப்புவது வரை எல்லாம் அவன்தான்.

பூ கொண்டுவந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. “தப்பெல்லாம் இல்லைங்க. சரியா பத்து இருக்கணும்னு ஃபோன்ல மூணு தடவை சொன்னாங்க. ஏன், பத்துல என்ன கெட்டுப்போச்சு?”

“எங்க ஊர்ல உயிரோட இருக்கிறவங்களுக்கு ஒத்தப்படையிலதாம்மா பூ குடுப்போம். ரெட்டைப்படைன்னா அது பொணத்துக்கு” என்றான் ஹினெக்.

“ஐயையோ!” என்று கையெழுத்தை வாங்கிக்கொண்டு அவள் நழுவினாள்.

ராட்கா பூங்கொத்தில் செருகியிருந்த அட்டையைத் திரும்பப் படித்தாள். ‘மிலேனா வீட்டிலிருந்து, ப்ர்னோ.’ ஐந்து நிமிஷம் முன்னால் இதே அட்டையைப் பார்த்துவிட்டுத்தான், “எங்கக்கா பூ அனுப்பியிருக்காடா!” என்று கூடம் அதிரக் கத்தியிருந்தாள்.

அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா சாகக் கிடந்தபோது ராட்கா பிரிஸ்பேனில் செக் பொம்மலாட்டக் கண்காட்சி வைத்திருந்தாள். திறப்பு விழாவை முடித்துவிட்டு விமானம் ஏறலாம் என்று இருந்துவிட்டாள். அடக்கமாகி மூன்றாம் நாள்தான் ஊருக்குப் போய்ச் சேர முடிந்தது. மிலேனா அவளை வாசலிலேயே நிறுத்தினாள். “எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அவ செத்துட்டா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மிலேனா ஓவியர். அவள் வரைந்த படம் ஒன்று செக் நாட்டில், ப்ர்னோ நகரத்தில் ஒரு கேலரியில் இருந்தது. உறைந்த குளத்தின்மேல் இரண்டு சின்னப் பெண்கள், ஒரே கழுத்துத் துணியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சறுக்குகிற படம். அதை இரவல் வாங்க ராட்கா இரண்டு வருஷம் கெஞ்சிக் கூத்தாடினாள். வந்ததும், நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற சுவரில் மாட்டினாள். அக்காவுக்கும் ஒரு கடிதம் போட்டாள். ‘வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போ. பேசக்கூட வேண்டாம்.’

அந்தக் கடிதத்துக்குத்தான் இப்போது பதில் வந்திருக்கிறது. பத்து ரோஜா.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. ஹினெக் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். “நம்ம ஊர் நம்பர் மேடம். நேத்துலேருந்து இது ஏழாவது தடவை.”

“கேலரிக்காரனாத்தான் இருக்கும். ஆணி உறுதியா இருக்கா, அறையில ஈரம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவுன்னு உயிரை வாங்குவான். அடிச்சுட்டுப் போகட்டும்.”

கொத்தை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தாள். விருந்தாளிகளுக்கு ரொட்டிமேல் முட்டையும் வெள்ளரியும் அடுக்கின மிச்சம் குப்பைத் தொட்டியில் கிடந்தது. முட்டை ஓட்டோடு ஓடாக ரோஜாவையும் திணித்தாள்.

“அந்தப் படத்தைக் கழட்டு.”

“இன்னும் ஒரு மணி நேரத்துல விழா மேடம்! தூதரகத்துலேருந்து வேற வர்றாங்க.”

“கழட்டுன்னா கழட்டு! நான் பொணமாம்டா. பொணம் எங்கயாவது கண்காட்சி வைக்குமா?”

ஹினெக் மறுபடி ஏணியில் ஏறினான். படத்தைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சாமான் அறையில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தான். முன்சுவரில் ஆணி மட்டும் நின்றது. அதைப் பார்த்ததும் ராட்காவுக்குத் தாங்கவில்லை. நாற்காலியில் சரிந்து விக்கி விக்கி அழுதாள்.

“மன்னிச்சிடுவான்னு நினைச்சேன்டா. இந்தத் தடவை கண்டிப்பா மன்னிச்சிடுவான்னு நினைச்சேன்.”

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. ஆத்திரத்தைக் கேலரிக்காரன்மேல் காட்டுவது என்று முடிவு செய்து எடுத்தாள்.

“என்னய்யா வேணும் உங்களுக்கு?”

“சித்தி, நான் ஓண்ட்ரா.”

மிலேனாவின் மகன். அவள் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இப்போது ஆண்பிள்ளைக் குரலாகிவிட்டது.

“பூ வந்துதா சித்தி? பத்து இருந்துதா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வந்துது. எண்ணியும் பார்த்துட்டேன், குப்பையிலயும் போட்டுட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லு. கூடப் பிறந்தவளுக்குப் பத்து ரோஜா அனுப்பற கல்நெஞ்சு அவளுக்குத்தான் வரும். அவ படத்தையும் இறக்கிட்டேன். இனிமே செத்தாலும் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லு!”



“அந்தப் பூ உங்களுக்கு இல்ல சித்தி. தன் படத்துக்குக் கீழ உங்க கையால வைக்கணும்னு சொல்லிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாங்க.”