உரிமையாளர் ஒருவர்

மூன்றாவது தடவையாக நாத்தனார் லேப்டாப்பில் அந்த நீல நிற இணையதளத்தையே திறந்து காட்டியபோது அண்ணிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"இதுதான் அண்ணி நமக்குச் சரிப்படும். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்."

கண்ணை மூடச் சொல்கிறாளே என்று அண்ணி இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துகொண்டு பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப். இணையத்தில் கடை வைக்க இடம் தரும் தளங்கள் மூன்று அதில் திறந்து கிடந்தன. ஒன்று நீலம், ஒன்று பச்சை. இன்னொன்றில் எல்லாவற்றையும் நாமே கட்டிக்கொள்ள வேண்டுமாம். அது இருவருக்கும் ஆகாது என்று முதலிலேயே கழித்துவிட்டார்கள்.

விற்கப்போவது பைகள். அண்ணி ஒரு திரைச்சீலைக் கடையில் தையல்காரி. அங்கே மிச்சம் விழும் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து எட்டு மாதமாகத் தைத்த பைகள், அலமாரி கொள்ளாமல் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தன.

நாத்தனாருக்கு ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. பைகளில் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் காட்டி, ஆன்லைனில் போடலாம் என்று பேச்சை ஆரம்பித்தவள் அவள்தான். ஒவ்வொரு பையையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, அண்ணியின் செல்போனுக்கும் அனுப்பி வைத்தவளும் அவள்தான்.

அதுதான் உறுத்தியது. அடுத்தவள் தைத்த பைமேல் இவளுக்கு எதற்கு இத்தனை அக்கறை?

அண்ணிக்கு ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறது. அவளாக யோசித்துப் போட்ட ஒரு புதுவிதத் திரை மடிப்பை, முதலாளி தன் பெயரைத் தைத்துக் கடை வாசலில் மாட்டிவைத்தார். கேட்கப் போனவளிடம், எல்லாம் நம்ம கடை வேலைதானே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

நீலத் தளத்தின் சங்கதி அண்ணிக்குத் தெரியும். அதில் ஒரு கடைக்கு உரிமையாளர் ஒருவர்தான். மற்றவர்கள் ஊழியர்கள். உரிமையாளருக்கு மனசு மாறினால், ஒரு பொத்தானைத் தட்டி ஊழியரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம். அப்புறம் கடையும் படங்களும் வாடிக்கையாளர்களும் நாத்தனார் கையில். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பைகள் மட்டும் இவளுக்கு.

"பச்சையில ரெண்டு பேருமே உரிமையாளரா இருக்கலாமே," என்று நூல் விட்டுப் பார்த்தாள்.

நாத்தனார் நிமிர்ந்தாள். "இதெல்லாம் உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"கடையில பேசிக்கிட்டாங்க."

திரைச்சீலைக் கடையில் யார் இதையெல்லாம் பேசப்போகிறார்கள்? நல்லவேளை, நாத்தனார் அதைக் கிளறவில்லை.

"ரெண்டு பேர்னா நாளைக்கு மனஸ்தாபம் வரும் அண்ணி. ஒருத்தர் கையில இருக்கட்டும்."

பார்த்தீர்களா, அவள் வாயாலேயே வந்துவிட்டது. அந்த ஒருத்தர் யார் என்று கேட்க அண்ணிக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் தன் சந்தேகம் வெளிப்பட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பார்க்கலாம், அவசரமென்ன என்றாள். நாத்தனார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நீலத் தளத்தின் படிவத்தை மளமளவென்று நிரப்பிக்கொண்டு போனாள். அண்ணி மேசையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்றாள்.

உரிமையாளரின் கைப்பேசி எண் என்ற கட்டம் வந்தது.

நாத்தனாரின் எண் ஒன்பதில் தொடங்கும். அவள் விரல் எட்டில் விழுந்தது.

அண்ணியின் கை துடைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. அடுத்து மூன்று, அடுத்து பூஜ்ஜியம். யாரையும் கேட்காமல், எங்கும் பார்க்காமல், மனப்பாடமாக நாத்தனார் தட்டிக்கொண்டே போனது அண்ணியின் எண்ணை.

வேண்டாம் என்று தடுக்க அண்ணி கையை நீட்டினாள். அதற்குள் நாத்தனார் கடைசிப் பொத்தானையும் தட்டிவிட்டாள்.

சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு கடை உள்ளது. உள்ளே செல்லக் கடவுச்சொல்லைத் தரவும்.

போன செவ்வாய்க்கிழமை, நாத்தனார் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தையல் மெஷின் மேல் செல்போனை வைத்துக்கொண்டு அண்ணி திறந்த கடை. நாத்தனார் எடுத்த படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. உரிமையாளர் ஒருவர். ஊழியர் யாருமில்லை.

அண்ணி மேசை துடைத்த துணியை மடித்துக்கொண்டே நின்றாள்.

நாத்தனார் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு லேப்டாப்பை மெதுவாக அண்ணி பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாஸ்வேர்டு போட்டுக்கங்க அண்ணி. நான் பார்க்கல," என்று சொல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.