புதுசுக்குக் கண் பெருசு

லேப்டாப் திரையின் ஓரத்தில் அவர் முகம் தெரிந்தது. அதோடு விட்டதா? சோபாவின் கையில் தொங்கிய விலைச்சீட்டும் தெரிந்தது.

காவலாளி சீட்டைப் பிடித்து மெத்தைக்கு அடியில் திணித்தார். இப்போது பக்கத்திலிருந்த கட்டில் தெரிந்தது. அதன் தலைமாட்டிலும் ஒரு சீட்டு. 'பாதி விலை.'

நாலு மணிக்கு மகள் கூப்பிடுவாள். இன்னும் பத்து நிமிஷம்.

பழைய லேப்டாப்பில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. செங்கல் கனம். மாடிப்படி ஏறின ஆஸ்துமாக்காரன் மாதிரி மூச்சு. ஆனால் அதன் கேமராவுக்கு ஒரு முகமும் ஒரு முழச் சுவரும்தான் தெரியும். அடுத்தவன் வீட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்றிருக்கிற நல்ல மனுஷனைப் போல.

புதுசை மகள்தான் கடல்கடந்து அனுப்பியிருந்தாள். மகன் வீட்டு விலாசத்துக்கு வந்ததைத் தெருமுனையிலேயே கூரியர்க்காரனை மடக்கி இவர் வாங்கிக்கொண்டார். 'அதே கம்பெனிதான்ப்பா, புது டிசைன், கனமே இல்ல. எனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிப்போம்.'

புது டிசைனாம். பட்டினி போட்டு வளர்த்தது மாதிரி இருக்கிறது. வயர் சொருகுகிற ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். அதற்குப் பெயர் முன்னேற்றம். மிச்சம் பிடித்த ஓட்டைகளை ஒன்றாகச் சேர்த்து நெற்றியில் ஒரே கண்ணாகத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவ்வளவு அகலம். இவர் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்கிறது. கடை முதலாளிகூட அவரை இப்படி வேவு பார்த்ததில்லை.

பழசிலேயே பேசிவிடலாம் என்றுதான் இருந்தார். சக்களத்தி வந்திறங்கிய சேதி அதற்கு எப்படித்தான் தெரிந்ததோ, காலையிலிருந்து கண்ணே திறக்கவில்லை. தட்டிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். கடைசியில் "என் தாயே" என்றும் சொல்லிப் பார்த்தார்.

மகளைப் பொறுத்தவரை அவர் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். மகனிடம் வாயைக் கொடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி எட்டு மாதம் ஆகிறது. இப்போது இந்த மரச்சாமான் கடையில் காவல். படுக்கப் பின்பக்கம் ஒரு பொந்து. ஞாயிறு கடைக்கு விடுமுறை, காவலுக்கு ஏது? வாராவாரம் சட்டையை மாற்றிக்கொண்டு, வாடிக்கைக்காரர்களுக்காக ஜோடித்து வைத்த மாதிரிக் கூடத்தில் வந்து உட்காருவார். மூன்றே சுவருள்ள கூடம். பழைய கேமராவுக்கு ஒன்றே போதும்.

ஒருதடவை மகளே கேட்டுவிட்டாள். "என்னப்பா, அண்ணன் வீட்டுல வாராவாரம் சோபா மாறுது?"

"உங்கண்ணிக்கு எதுலதான் திருப்தி?" என்றார். மருமகள்மேல் பழியைப் போட்டால் எந்தக் கதையும் நிற்கும்.

உண்மை தெரிந்தால் போட்டது போட்டபடி விமானம் ஏறிவிடுவாள். நன்றாக வாழ்கிறவளின் குடித்தனத்தை இவர் கெடுத்ததாகிவிடும். அவள் இருப்பது நல்ல வீடு, பின்னால் எப்போதும் ஜன்னல், பூப்போட்ட திரைச்சீலை. மாப்பிள்ளையைத்தான் பேசப் பிடிக்க முடிவதில்லை. இவர்கள் பேசுகிற நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விடுவார். ஒரு வருஷமாக. அவ்வளவு சுத்தமான மனுஷன்.

ஊரில் எவன் சொன்னாலும் நம்பாதவர், மகள் சொன்னதை மட்டும் கேள்வி கேட்டதில்லை.

கட்டிலின் சீட்டைத் துண்டால் மூடினார். ஒரு அலமாரியை மூச்சு வாங்க இழுத்து நடுவில் நிறுத்தினார். அலமாரியிலும் சீட்டு.

அழைப்பு மணி அடித்தது.

"அப்பா! புதுசு எப்படி இரு..."

அவ்வளவுதான். அவள் வாய் நின்றுவிட்டது.

அவள் கண் அவர் முகத்தில் இல்லை. அலமாரியைச் சுற்றிக்கொண்டு போனது. கட்டில், அதற்கப்பால் கட்டில், அதற்கப்பால் கட்டில், இழுத்துச் சாத்திய இரும்புக் கதவு, ஆணியில் மாட்டிய காக்கிச் சட்டை.

காக்கி. கடையையே மறைக்கப் பார்த்தவர், கழற்றி மாட்டியதை மறந்துவிட்டார்.

இதோ திட்டு வரும், அழுகை வரும் என்று காத்திருந்தார். எதுவும் வரவில்லை. சும்மா எவ்வளவு நேரம் அவள் முகத்தையே பார்ப்பது? அவரும் அவளுடைய தோளுக்கு மேலே பார்த்தார்.

பூப்போட்ட திரைச்சீலை ஜன்னலில் தொங்கவில்லை. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து தொங்கியது. மேலே யாரோ ஒரு பெண்ணின் இரண்டு பாதங்கள். அதற்கப்பால் இன்னொரு அடுக்குக் கட்டில். அதற்கப்பாலும் ஒன்று. குறுக்கே கொடியில் ஈரத்துணி, எல்லாம் பொம்பளைத் துணி.

புது டிசைன் நன்றாகத்தான் வேலை செய்தது. ஒன்றையும் விடவில்லை.

காவலாளி தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை குளிக்கிறாரா?"

"ஆமாப்பா." மூக்கை உறிஞ்சினாள். "அண்ணன் எங்க?"

"உள்ள தூங்குறான்."

மேல்தட்டுப் பாதங்கள் மெதுவாக உள்ளே போயின.

"இந்தப் புதுசு சரியில்லப்பா," என்றாள். "பழசே நல்லாருந்துச்சு."

"அதத்தானே நானும் நெனச்சேன்," என்றார்.

ஆனாலும் புதுசை இரண்டு பேருமே மூடவில்லை.