மணல் ஒட்டிய லேபிள்

"மணலா? என் கம்பெனி லேபிள்லயா? நான் விக்கிறது தைலமா, சிமெண்டாம்மா?"

அழகப்பன் சிரித்தார். கமலா சிரிக்கவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் அவர் நடத்தும் மருந்துக் கம்பெனிக்கு லேபிள் வரைந்து கொடுப்பவள் அவள். இந்த யோசனையோடு முதலாளியின் அறைக்கு வருவது இது நான்காவது தடவை. சரி என்று சொல்லும்வரை இன்று நகர்வதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"குவீன்ஸ்டவுன்ல எங்க எதிர்வீட்டு பூவம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, மொதலாளி. இருமல் மருந்துன்னு நினைச்சு நம்ம தைலத்தைக் குடிச்சிட்டாங்க. மூணு நாள் ஆஸ்பத்திரி. ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி லா."

"தைலத்துக்குச் சிவப்பு லேபிள், இருமல் மருந்துக்குப் பச்சை. இதுக்கு மேல என்ன வேணும்? கண்ணு தெரியலைன்னா பக்கத்துல யாரையாவது கேக்கணும்."

"கேக்க வெக்கப்படுவாங்க, மொதலாளி."

அழகப்பன் மேசைமேல் கிடந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினார்.

"போய் வேற வேலையைப் பாரும்மா."

அவள் அசைந்தால்தானே! பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"தைலத்து லேபிளைச் சுத்தி கோந்து தடவி மணல் தூவியிருக்கேன். இருமல் மருந்து லேபிள் வழவழன்னு இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு ஒரே ஒரு தடவை..."

"நான் எதுக்குக் கண்ணை மூடணும்?" வெடுக்கென்று இரண்டையும் கையில் எடுத்து உருட்டினார். "இதோ, இது இருமல் மருந்து. பச்சை பளிச்சுன்னு இருக்கு. இது தைலம், நல்ல ரத்தச் சிவப்பு. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும் லா!"

சரியாகத்தான் சொன்னார். வெளியே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கமலா அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மொதலாளி," என்றாள் மெதுவாக, "நான் இன்னும் கலரே அடிக்கலை. ரெண்டும் வெறும் வெள்ளைத் தாள்."

அவருடைய கட்டைவிரல் மணலை விட்டு நகரவில்லை.

"எத்தனை மூட்டை மணல் வேணும்மா?" என்று கேட்டார் அழகப்பன்.