கருகல் வாடை

"இன்னும் நாத்தமடிக்குதுங்க. குடலைப் புரட்டுது!"

காரிலிருந்து இறங்கிய தம்பி மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

தம்பி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தான்.

இரண்டு நாள் தங்கிப் போக வந்திருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது அப்பா காலத்துக் கார். எஞ்சினில் கசிந்த எண்ணெய் ஹீட்டர் குழாய்களில் போய்ப் படிந்து, குளிருக்கு ஹீட்டரைப் போட்டாலே உள்ளே கருகல் வாடை அடித்ததாம். கசிவை எப்போதோ அடைத்துவிட்டான். படிந்த பிசுக்கைத்தான் லீவு நாள் தவறாமல் கழற்றிக் கழற்றித் தேய்க்கிறான். மண்ணெண்ணெயில் ஊறி விரலெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது, பாவம்.

இன்றைக்குப் பின்சீட்டில் அக்காவும்தான் உட்கார்ந்து வந்தாள். வெதுவெதுவென்று சுகமாகக் காற்று வந்தது. வாடையாவது, மண்ணாவது!

நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"ஏம்மா, உனக்கே இது நல்லா இருக்கா? துளி வாடை இல்ல. எதுக்கு என் தம்பியை இந்தப் பாடு படுத்தறே?"

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள்.

"தெரியும் அண்ணி. வாடை போய் ரொம்ப நாளாச்சு. குழந்தை பொறந்து கண்ணே தொறக்காமப் போச்சுல்ல... அதுலேர்ந்து லீவு நாள்னா சுவத்தைப் பாத்துப் படுத்தே கிடந்தார். சாப்பிடக்கூட எழுந்திரிக்கல. இந்தக் காரைத் தொட்டப்புறம்தான் மனுஷனா நடமாடறார். வாடை போயிடுச்சுன்னு சொன்னா, மறுபடி படுத்துடுவாரோன்னு பயமா இருக்கு. நீங்களும் சொல்லிடாதீங்க."

அக்காவுக்கு இவளைப் போய்த் திட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தம்பி மும்முரமாகக் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி மின்னியது.

வாயை அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"இதுல இன்னும் தேய்க்க என்னடா இருக்கு?"

தம்பி சமையலறை ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணுமே இல்லக்கா. அவளுக்கு மட்டும்தான் ஏனோ இன்னும் அடிக்குதாம். அடிக்கட்டும். குழந்தை போனதுலேர்ந்து, யார் என்ன கேப்பாங்களோன்னு பயந்து அவ வாசலைத் தாண்டறதே இல்ல. வாடை போச்சான்னு பாத்துச் சொல்லுன்னு கூப்பிட்டாத்தான், வண்டியில ஏறி என்கூட ஒரு சுத்து வெளியே வர்றா."