ஒரிஜினல் குடும்பப் படம்

"எடிட் பண்ணாத படத்தை நான் யாருக்கும் குடுக்கிறதில்ல சார். தொழில் தர்மம்" என்றார் போட்டோகிராபர்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடவே பெரியவரும் அவருடைய தங்கை கணவரும் வந்திருந்தார்கள்.

தம்பி மகள் கல்யாணத்தன்று பெரியவர் வீட்டுப் பீரோவை உடைத்து யாரோ நகைகளை அள்ளிப் போய்விட்டார்கள். மண்டபத்தில் குடும்பப் படம் எடுத்த அதே நேரத்தில்தான் வீட்டுக்குள் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நகைக்கு இன்ஷூரன்ஸ் இருந்தும், திருடனைப் பிடித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் பெரியவர். அவருக்குத் தங்கை கணவர் மேல்தான் சந்தேகம்.

"அந்த நேரம் இந்த ஆளு மண்டபத்துலயே இருந்திருக்க மாட்டாரு சார்!"

போட்டோகிராபர் அவசரமாக ஆல்பத்தைத் திறந்தார். "பாருங்க சார், குடும்பத்துல ஒருத்தர் விடாம எல்லாரும் இருக்காங்க."

பெரியவரின் கண் தங்கை கணவரின் இளிப்பைத் தாண்டி நகரவில்லை. "ஒட்டு வேலை சார் இது! ஒரிஜினலைக் காட்டச் சொல்லுங்க!"

போட்டோகிராபர் ஆல்பத்தைச் சட்டென்று மூடினார். ஒட்டு வேலைதான். "வீட்டு ஆள் ஒருத்தர் குறைஞ்சா குடும்பப் படம் நல்லாவா இருக்கும்? வேற படத்துலேர்ந்து எடுத்துச் சேர்த்துடுங்க, அவருக்குக்கூடத் தெரிய வேணாம்" என்று மணப்பெண்ணின் அப்பா கெஞ்சியதால் செய்தது. இப்போது ஒரிஜினலைக் காட்டினால் அந்தக் குடும்பத்தின் மானமே கப்பலேறிவிடும்.

தங்கை கணவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "காட்டிடுங்க... வர்றது வரட்டும்" என்றார் ஈனஸ்வரத்தில்.

"காட்டலேன்னா கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

போட்டோகிராபர் பெரியவர் பக்கம் திரும்பினார். "ஐயா, சொன்னாக் கேளுங்க. வேணாம். குடும்ப விஷயம்."

"யாரா இருந்தா எனக்கென்ன? தப்புப் பண்ணவன் உள்ள போகட்டும்!" என்று மேசையைத் தட்டினார் பெரியவர்.

இதற்கு மேல் என்ன செய்ய? போட்டோகிராபர் பெருமூச்சோடு பட்டனைத் தட்டினார்.

திரையில் ஒரிஜினல் விரிந்தது. தங்கை கணவர் அதே இளிப்போடு அதே இடத்தில்தான் நின்றிருந்தார்.

நடுவில் பெரியவருக்குப் போட்ட நாற்காலிதான் காலியாக இருந்தது.