பாலத்தின் நடுவே

"படகு விடமாட்டாங்களாம் மாமா. ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. வைத்தியர்கிட்ட நாளைக்குப் போவோமா?"

"அதுக்கென்னம்மா, நாளைக்கே போவோம்," என்று உடனே தலையாட்டினார் மாமனார். சொல்லி வாய் மூடுவதற்குள் இருமல் வந்து ஆளையே உலுக்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறியவரைப் பார்த்ததும் மருமகளான சாயக்காரிக்கு மனசு கேட்கவில்லை. குடையை எடுத்தாள். பாலத்து வழியாகவே போய்விடலாம் என்றாள்.

அந்தக் கல்பாலத்தை எந்தக் காலத்தில் யார் கட்டினார்களோ, அதன்மேல் நின்று பொய் சொன்னால் கால் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால்தான் விடும். பழைய மீனை இப்போதுதான் பிடித்தது என்று விற்ற மீன்காரி, வெயில் உச்சிக்கு ஏறும்வரை அசைய முடியாமல் நின்றது ஊரே சிரித்த கதை. தெரியாமல் தப்பாகச் சொல்பவரைப் பாலம் ஒன்றும் செய்யாது. மனசறிந்து சொல்லும் பொய்யைத்தான் பிடிக்கும்.

சாயக்காரி அந்தப் பாலத்தை மிதித்து மாதக்கணக்காகிறது. மரம் ஏற்றிய படகோடு கடலோரத்துக்குப் போன அவள் கணவன் சுழலில் சிக்கிச் செத்துப்போனான் என்ற சேதியை, கோடையில் சாயப்பட்டறைக்கு வந்த உப்பு வியாபாரி அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமனாருக்கு நெஞ்சு பலவீனம். அதிர்ச்சியே கூடாது என்பது வைத்தியரின் கண்டிப்பு. பெற்றதோ ஒரே பிள்ளை. எப்படிச் சொல்வாள்? பட்டறையிலேயே அழுது தீர்த்தாள். கண் சிவந்திருந்தால் சாயம் காய்ச்சும் கொப்பரைப் புகையின் மேல் பழியைப் போட்டாள்.

அவரோ நாள் தவறாமல் மகனின் தட்டையும் கழுவி வைப்பார். கயிறு திரித்துக்கொண்டே, அவன் வந்ததும் கூரையை மாற்ற வேண்டும், பின்கட்டில் அவளுக்கென்று ஒரு சாய அடுப்பு கட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பார். அவளும் ஆமாம் போடுவாள். வீட்டுக்குள் பொய் சொல்ல எந்தத் தடையும் இல்லையே. வைத்தியரிடம் போகும்போது மட்டும், பாலம் வழுக்கும் என்று சொல்லிப் படகுக்கு அழைத்துப் போவாள். அவரும் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

இன்று வாயையே திறப்பதில்லை என்ற முடிவோடு பாலத்தில் கால் வைத்தாள். மகனைப் பற்றி அவர் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது? நல்ல வேளை, அவரும் பேசாமலே நடந்தார்.

பாதித் தூரம் வந்திருப்பார்கள். கீழே தூணைச் சுற்றி ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. அந்தச் சுழலைப் பார்த்ததும், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து விம்மினாள்.

மாமனார் பதறிப்போய் அவள் தோளைத் தொட்டார்.

"அழாதம்மா. அவன் எங்கேயோ நல்லாத்தான் இருக்கான். மழை விட்டதும் வந்துருவான் பாரு."

பாவம், இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தாள். தான் ஒரு வார்த்தை பேசாதவரை எதுவும் கெட்டுப்போகாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து மெல்ல ஓரடி எடுத்து வைத்தாள்.

பிடித்த கை கூட வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். மாமனார் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார். அவருடைய இரண்டு கால்களும் கல்லோடு ஒட்டியிருந்தன.